நீ கொடுத்ததும் நான் கொடுத்ததும்

அண்ணி,

கரையான் ஏறுகிறது, பரணில் கிடக்கிற பெட்டியை இறக்கு என்று அண்ணன் நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இன்று காலை இறக்கினேன். என் மில் காலத்துத் தகரப் பெட்டி. அடியில் பழைய கேட் பாஸ், பல் போன ஒரு சீப்பு, முடிச்சுப் போட்ட ஒரு துணித்துண்டு. முடிச்சை அவிழ்த்ததும் குப்பென்று காடி வாசனை அடித்தது. உள்ளே நாலு வெள்ளை மாத்திரை. ஓரமெல்லாம் பொரிந்து மாவாக உதிர்ந்துகொண்டிருந்தது. தலைவலி மாத்திரை பழசாகிவிட்டால் இப்படித்தான் புளித்து நாறும் என்று பால்வாடிக்கு வருகிற நர்ஸம்மா ஒரு தடவை சொல்லியிருக்கிறார். அவர் சொல்லாமல் இருந்தாலும் அது என்ன மாத்திரை என்று எனக்குத் தெரிந்திருக்கும்.

கக்கூஸில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டு, கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினேன். அப்புறமும் வேலை ஓடவில்லை. உன் பிள்ளை சேகர் வேறு நேற்றிலிருந்து காய்ச்சலில் படுத்திருக்கிறான். அவன் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தபோதே என்னோடு பேசாதவள் நீ. இப்போது எழுதினால் மட்டும் பதில் போடப் போகிறாயா என்ன. ஆனாலும் எழுதுகிறேன். எட்டாவது வரை படித்தது இதற்காவது ஆகட்டும்.

நீ இந்த வீட்டுக்கு வந்தபோது உனக்கும் எனக்கும் ஒரே வயசு. அண்ணியை நீங்க என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சித்தி சொன்னாள். "எம்மாம் பெரிய மகாராணி இவங்க" என்று நான் முதல் நாளே நீ, வா, போ என்று ஆரம்பித்தேன். நீ கோபப்படுவாய் என்று பார்த்தால், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். அப்புறம் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. நாலு வருஷத்தில் பிள்ளை இல்லை என்று சொல்லிக் கட்டிக்கொண்டு போன இடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கையில் பையோடு வந்து வெளியே நின்றேன். "உன் வூடுதான இது, என்னாத்துக்கு வாசப்படியில நிக்கற" என்று பையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனவள் நீ. அதை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டம் இல்லை.

மறு வருஷம் உனக்குக் கலா பிறந்தாள். மில் மதிலுக்குப் பின்னால் அந்தச் சந்தில் ஓர் அறையும் ஓர் அடுக்களையுமாக நாம் இருந்தோம். எனக்கு நூல் சுற்றுகிற ரீலிங்கில் காலை ஆறு மணி ஷிப்ட், அண்ணனுக்கு மத்தியானம் இரண்டு மணி ஷிப்ட். நான் இரண்டு மணிக்கு கேட்டை விட்டு வெளியே வரும்போது அண்ணன் உள்ளே போவார். வீட்டுக்கு வந்தால் பிள்ளை என்னுடையது. குளிப்பாட்டி, பவுடர் போட்டு, இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவெல்லாம் சுற்றுவேன். நீ குழாயடிக்கும் அடுப்படிக்கும் ஓடிக்கொண்டிருப்பாய். பெற்றது நீ, சீராட்டியது நான். உனக்கு அது உறுத்தியிருக்கும். எனக்கு அப்போது அது தெரியவில்லை, தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை.

கலாவுக்கு மூன்றரை வயசு இருக்கும்போது ஒருநாள் குழாயடியில் அத்தனை பொம்பளைகளுக்கும் முன்னால் என்னைப் பார்த்து "அம்மா" என்று கூப்பிட்டாள். நீ குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து அவள் வாயில் ஒரு தட்டுத் தட்டினாய். "அவ அத்த. அம்மா நான்" என்றாய். தட்டியது லேசாகத்தான். எனக்குத்தான் பளாரென்று விழுந்த மாதிரி இருந்தது. "பெத்துட்டா மட்டும் ஆச்சா, வளக்கறது யாரு?" என்று கேட்டுவிட்டேன். "நீ ஒண்ணு பெத்து வளத்துக்கோயேன்" என்றாய். அவ்வளவுதான். அன்றைக்கு நின்றது பேச்சு.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசாமல் இருப்பது நம் பக்கத்தில் புதுசு இல்லை. அதற்கு ஒரு முறையே இருக்கிறது. நடுவில் ஒரு வாய் வேண்டும். நமக்கு அது கலாதான். "அத்தைய சாப்புட வரச் சொல்லு" என்று நீ சுவரைப் பார்த்துச் சொல்வாய். அவள் இரண்டடி நடந்து வந்து, "அத்த, சோறு வெந்துச்சாம், வேணும்னா துன்னுவியாம், வேணாட்டி போவியாம்" என்பாள். பாதி அவள் கட்டிச் சேர்த்தது. சிரிப்பு வரும், அடக்கிக்கொள்வேன். நீயும் அடக்கிக்கொள்வது முதுகிலிருந்தே தெரியும். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் நாம் சிரித்துப் பேசியிருப்போம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதற்குள் அவளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

சாதாரணக் காய்ச்சல்தான். மழையில் ஆடினாள், சளி பிடித்தது, உடம்பு சுட்டது. அண்ணன் காலையில் தூக்கிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டி, சிவப்புத் தண்ணீர் ஒரு பாட்டிலும் பன்னிரண்டு பொட்டலம் பொடியும் வாங்கி வந்தார். அப்போதெல்லாம் அப்படித்தானே. கம்பவுண்டர் எதையோ இடித்துச் சர்க்கரை கலந்து காகிதத்தில் மடித்துக் கொடுப்பார். என்ன மருந்து என்று அவரும் சொல்ல மாட்டார், நாமும் கேட்க மாட்டோம். வேளைக்கு ஒரு பொட்டலம், நாளைக்கு மூன்று வேளை என்று அண்ணன் உன்னிடம் சொன்னார். என்னிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லுகிற வாய் படுத்துக் கிடந்தது.

மில்லில் எங்களுக்குத் தலைவலி என்றால் வெள்ளை மாத்திரை தருவார்கள். ரீலிங் சத்தத்தில் தலை தெறிக்கும். ஒன்று போட்டால் அரை மணியில் விட்டுவிடும். மீந்ததை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்குக் கொண்டு வருவோம். பிள்ளைக்கு உடம்பு சுட்டால் பாதி உடைத்துத் தேனில் குழைத்து நாக்கில் தடவுவது சந்தில் எல்லா வீட்டிலும் உண்டு. மில் மாத்திரை என்றால் அத்தனை நம்பிக்கை. உன் பொட்டலத்தின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை என்று சொன்னால் அது பொய். எனக்கு வேறு ஆசை இருந்தது. கலா என் கையால் எழுந்து நடக்க வேண்டும். அவள் எழுந்ததும் குழாயடியில் நிற்கிறவளுகளிடம், "யாரு குடுத்து சரியாச்சுன்னு கேட்டுப் பாருங்க" என்று சொல்ல வேண்டும். இந்த அற்பத்துக்காகத்தான் கொடுத்தேன் அண்ணி.

மறைத்துத்தான் கொடுத்தேன். நீ விடிகாலையில் தண்ணீருக்குப் போகும்போது பாதி. மத்தியானம் நான் வந்ததும், நீ துணி அலசப் பின்பக்கம் போகும்போது பாதி. சாயங்காலம் நீ அடுப்பு மூட்டும்போது இன்னொரு பாதி. நீ உன் பாட்டுக்குப் பொட்டலத்தைப் பிரித்து, வாயைப் பிளந்து, தண்ணீர் விட்டு விழுங்க வைத்துக்கொண்டிருந்தாய். முதல் நாள் காய்ச்சல் இறங்கியது. வேர்த்துக் கொட்டியது. நீ உன் பொடியென்று நினைத்தாய், நான் என் மாத்திரையென்று நினைத்தேன். இரண்டு பேரும் தனித்தனியாகச் சந்தோஷப்பட்டோம்.

இரண்டாம் நாள் வாந்தி எடுத்தாள். மத்தியானம் நான் வந்து மடியில் போட்டுக்கொண்டபோது, "அத்த, காதுல மில் சங்கு ஊதுது" என்றாள். சங்கு ஊதி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. "இல்லடி செல்லம், சங்கு அப்பவே ஊதிப்புடுச்சு" என்றேன். "இல்ல, ஊதுது, நிறுத்தச் சொல்லு" என்று காதைப் பொத்திக்கொண்டாள். காய்ச்சலில் பிதற்றுகிறது என்று நினைத்தேன். அதை உன்னிடம் ஓடி வந்து சொல்லியிருக்க வேண்டும். பேச்சுத்தான் இல்லையே. சாயங்காலத்துப் பாதியைக் குழைத்தேன்.

மூன்றாம் நாள் மறுபடியும் உடம்பு நெருப்பாகக் கொதித்தது. மூச்சு மேலும் கீழுமாக, ஓடி வந்த பிள்ளைக்கு வாங்குகிற மாதிரி வாங்கியது. கண்ணைத் திறக்காமல் தூங்கிக்கொண்டே கிடந்தாள். காய்ச்சல் கூடிவிட்டது என்று நீ தவறாமல் பொட்டலம் கொடுத்தாய். காய்ச்சல் கூடிவிட்டது என்று நான் பாதிக்குப் பதில் முழுசாகவே ஒன்று கொடுத்தேன். அந்த முழு மாத்திரையை எந்தத் தட்டில் வைத்து நசுக்கினேன் என்பது வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் காலை எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. அண்ணன் ரிக்‌ஷாவுக்கு ஓடினார். நீ தலையை முடிந்துகொண்டே என் பக்கம் திரும்பி, "தனம், புள்ளைய புடி" என்றாய். பதினாறு நாளைக்கு அப்புறம் நீ என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. பிடித்தேன். ஆஸ்பத்திரி வரைக்கும் என் மடியில்தான் இருந்தாள்.

அந்த டாக்டர் சின்ன வயசு. பிள்ளையின் மூச்சையே பார்த்துக்கொண்டு நின்றார். "காய்ச்சலுக்கு என்ன குடுத்தீங்க?" என்று கேட்டார். நீ மீதிப் பொட்டலங்களை எடுத்து நீட்டினாய். "இந்தப் பொடி டாக்டர், நாளைக்கு மூணு. இந்தச் செவப்புத் தண்ணி ரெண்டு வேள" என்றாய். "வேற? மாத்திரை, கடை மருந்து, வீட்டுல வேற யாராவது ஏதாவது குடுத்தாங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க." நீ யோசிக்கவே இல்லை. "இல்லீங்க டாக்டர், நான்தான் குடுத்தேன், வேற யாரும் குடுக்கல" என்றாய். அவர் அண்ணனைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். என் முந்தானை முடிச்சில் அப்போது இரண்டு மாத்திரை இருந்தது. முடிச்சைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஏன் வாய் திறக்கவில்லை என்று எத்தனையோ காரணம் எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். மருந்து கெடுதல் பண்ணும் என்று தெரியாது என்பேன். அது நிஜம்தான். அண்ணன் அடித்துத் துரத்திவிடுவார், எனக்குப் போக இடம் இல்லை என்பேன். அதுவும் நிஜம். ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில், சண்டை இன்னும் முடியவில்லையே, உன் முன்னால் திருடி மாதிரி மாட்டிக்கொண்டு நிற்பதா என்பதும் இருந்தது. டாக்டர் காகிதத்தில் ஏதோ எழுதிக்கொண்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் மத்தியானம் கலா போய்விட்டாள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. "பொடிய ஒண்ணுக்கு ரெண்டா குடுத்துட்டியா?" என்று யாரோ ஒருத்தி கேட்டாள். அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டார். நீ எழுந்து போய் மீதி இருந்த நாலு பொட்டலத்தைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாய். "வாங்கினது பன்னெண்டு. மொத நாள் ரெண்டு, அப்புறம் மும்மூணு. எட்டு போச்சு, நாலு இருக்குது. எண்ணிப் பாருங்க" என்றாய். யாரும் எண்ணவில்லை. ஒவ்வொருத்தர் முன்னாலும் கொண்டுபோய் நீட்டினாய். என் முன்னாலும் நீட்டினாய். நான் குனிந்து ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். சரியாகத்தான் இருந்தது. "சரியா இருக்குது அண்ணி" என்று சொன்னேன். எனக்காக ஒருத்தியாவது சொன்னாளே என்று நீ என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாய்.

அதற்கப்புறம் நாம் இருந்த மாதிரி கூடப் பிறந்தவர்கள்கூட இருக்க மாட்டார்கள். பெரிய மார்க்கெட்டுக்குப் போனாலும் இரண்டு பேரும்தான், கடற்கரைக்குப் போனாலும் இரண்டு பேரும்தான். உனக்கு உறுத்தியதெல்லாம் அந்த ஒரு தட்டுத்தான். "என் கண்ணு உன்ன அம்மான்னு கூப்புட்டுச்சு, நான் வாயில அடிச்சேன் தனம்" என்று சொல்லிச் சொல்லி அழுவாய். நான் தேற்றுவேன். அண்ணன் கோபம் வந்தால் "பொண்ண கோட்ட விட்டவதான நீ" என்று உன்னைக் குத்துவார். நீ எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாய். மூன்று வருஷம் கழித்து சேகர் பிறந்தான். அவனுக்குப் பேச்சு வந்ததும் என்னை அத்தம்மா என்று கூப்பிடச் சொல்லிக் கொடுத்தவளே நீதான். நான் அந்த வார்த்தையைக் கேட்டுக் குளிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தேன். அப்போது எனக்கு முழுசாகத் தெரியாது. தெரியாது என்பது மட்டும்தான் அந்த வருஷங்களில் என்னிடம் இருந்த ஒரே நல்லது.

மில்லில் ஆள் குறைத்தபோது என்னையும் நிறுத்தினார்கள். கருவடிக்குப்பம் பக்கம் ஒரு பால்வாடியில் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுகிற வேலை கிடைத்தது. அங்கே ஒருநாள் நர்ஸம்மா வந்து எங்களையெல்லாம் உட்கார வைத்துப் பேசினார். ஒரு தட்டில் மாத்திரைகளைப் பரப்பி வைத்திருந்தார். வெள்ளையாக ஒன்றை எடுத்துக் காட்டி, "இது பெரியவங்க தலைவலி மாத்திரை. பிள்ளைங்களுக்குக் காய்ச்சல்னா இதத் தொடவே கூடாது" என்றார். "அவங்களுக்குன்னு வேற மருந்து இருக்கு. அதையும் எடைக்குத் தகுந்த மாதிரி, டாக்டர் சொன்ன அளவு, சொன்ன இடைவெளி விட்டுத்தான் குடுக்கணும். பேரு வேறயா இருக்கும், நிறம் வேறயா இருக்கும், உள்ள இருக்கறது ஒரே மருந்தா இருக்கும். ரெண்டு பேரு ரெண்டையும் குடுத்தா என்னா ஆவும்?" அப்புறம் என்ன ஆகும் என்று சொன்னார். வாந்தி வரும். மேல்மூச்சு வாங்கும். காதில் இரையும். தூங்கிக்கொண்டே கிடக்கும். உடம்பு மறுபடியும் கொதிக்கும், காய்ச்சல் கூடிவிட்டது என்று இன்னும் கொடுப்போம்.

பக்கத்திலிருந்தவள் என் தோளைப் பிடித்து, "என்னாக்கா, மயக்கமா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். கூட்டம் முடிந்ததும் நேரே பொடி கொடுத்த அந்தப் பழைய டாக்டர் வீட்டுக்குப் போனேன். டாக்டர் காலமாகிவிட்டார். கம்பவுண்டர் கண் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் பொடி என்று மடித்துக் கொடுத்தீர்களே, அதில் என்ன இருந்தது என்று கேட்டேன். "வேற என்னாம்மா இருக்கும்? தலைவலி மாத்திரையத்தான் இடிச்சு, சக்கரை போட்டு மடிப்போம். எல்லா ஊருலயும் அதான்" என்றார். நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் ஒரு நாள் முழுக்க உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லாமல் செத்துப் போயிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அண்ணன் அன்றைக்கும் சாப்பிட உட்கார்ந்தபோது ஏதோ உப்புக் குறைந்ததற்கு அந்தப் பழைய பேச்சை எடுத்து உன் தலையில் போட்டார். அவர் கை கழுவிக்கொண்டு போனதும் நீ மத்தி மீனை வைத்துக்கொண்டு ஆய உட்கார்ந்தாய். எதிரில் போய் உட்கார்ந்தேன். "நானும் குடுத்தேன் அண்ணி" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். காலையில் பாதி, மத்தியானம் பாதி, கடைசி முழுசு, சங்கு, கம்பவுண்டர், எதையும் விடவில்லை. நீ தலை நிமிராமல் மீனை ஆய்ந்துகொண்டே இருந்தாய். நான் முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாய்.

"டாக்டர் கேட்டப்ப நீ அங்கதான நின்ன?"

"ஆமா" என்றேன்.

கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனாய். நான் கொடுத்ததை நீ ஒருவேளை பொறுத்திருப்பாய். கேட்டபோது சொல்லாததைப் பொறுக்க முடியவில்லை. அது நியாயம்தான். நானாக இருந்தால் அரிவாள்மனையைத் தூக்கியிருப்பேன்.

அன்றிலிருந்து நீ என்னிடம் பேசவில்லை. அழவில்லை, திட்டவில்லை, அண்ணனிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சேகர் அப்போது நன்றாகப் பேசுவான். அவனை நடுவில் விட்டு ஒரு வார்த்தைகூட நீ சொல்லி அனுப்பியதில்லை. தட்டில் சோறு போட்டு வைத்துவிட்டுப் போய்விடுவாய். ஏழு மாதம் இப்படிப் போயிற்று. அப்புறம் ஒருநாள் காலை சேகருக்குக் காய்ச்சல். மத்தியானம் நான் பால்வாடியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுகிறேன். நீ அடுக்களையிலிருந்து வந்து எனக்கு எதிரே நின்றாய். என் கண்ணைப் பார்த்தாய்.

"எட்டு மணிக்கு நான் குடுத்துட்டேன். மூடியில அஞ்சு மில்லி. இனிமே ரெண்டு மணிக்குதான். நீ குடுக்காத."

"சரி" என்றேன். நீ போய்விட்டாய். மருந்து பாட்டிலுக்குப் பக்கத்தில் சீட்டு இருந்தது, அவன் எடை, மருந்தின் பேர், அளவு எல்லாம் எழுதி. எப்போது அவனை நர்ஸம்மாவிடம் தூக்கிக்கொண்டு போய் எடை பார்த்து எழுதி வாங்கி வந்தாய் என்றே எனக்குத் தெரியாது. இரண்டு மணிக்கு மறுபடி வந்து, "குடுத்துட்டேன்" என்றாய். காய்ச்சல் விட்டதும் பேச்சும் விட்டது.

நாலு வருஷத்தில் ஐந்தாறு தடவை அவனுக்குக் காய்ச்சல் வந்திருக்கும். அந்த ஐந்தாறு தடவைதான் நீ என்னிடம் பேசியது. நீ வெளியே போகும்போது என் கையில் பாட்டிலையும் மூடியையும் கொடுத்து, "பன்னெண்டுக்கு மேல குடு" என்று சொன்ன நாளும் உண்டு. கொடுத்துவிட்டு நீ வந்ததும் சொன்னேன். உன்னிடம் சொல்ல எனக்கு ஒரு வாக்கியமாவது கிடைத்ததே என்று இருந்தது. ஒரு அசிங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நீ மாதக்கணக்கில் பேசாமல் இருக்கும்போது, இந்தப் பயலுக்கு லேசாக உடம்பு சுடாதா என்று மனசு ஒரு தடவை நினைத்துவிட்டது. சீ என்று என் வாயில் நானே அடித்துக்கொண்டேன். நினைத்தது நினைத்ததுதான்.

உனக்கு வயிற்றில் அந்த வலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரவு பகலாக நான்தான் பக்கத்தில் இருந்தேன். கடைசி நாளில் ஏதாவது சொல்வாய் என்று காத்திருந்தேன். மன்னிச்சுட்டேன் என்று ஒரு வார்த்தை. நீ சொல்லவில்லை. சும்மா ஒப்புக்குச் சொல்கிறவள் இல்லை நீ.

பால்வாடியில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று எந்தத் தாய் வந்தாலும், "வூட்டுல வேற யாரு மருந்து குடுக்கறாங்க?" என்றுதான் முதலில் கேட்கிறேன். "நான்தான் குடுக்கறேன், வேற யாரும் இல்ல" என்பார்கள். "போய் எல்லாரையும் கேட்டுட்டு வா" என்று திருப்பி அனுப்புவேன். தனத்துக்குக் கிறுக்கு என்று சொல்கிறார்கள். பாதிப் பேர் திரும்பி வந்து, ஆமாக்கா, மாமியாரும் ஒண்ணு குடுத்துச்சாம் என்கிறார்கள்.

இதுவரைக்கும் மத்தியானம் எழுதியது. சேகருக்கு இரண்டு மணிக்கு மருந்து கொடுத்துவிட்டுத் தொடர்ந்து எழுதலாம் என்று இருந்தேன். நாலு மணிக்கு அண்ணன் வந்தார். அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நீ இருக்கறதால எனக்குப் பயம் இல்ல. உங்க அண்ணி கையில விட்டிருந்தா இவனையும் கோட்ட விட்டிருப்பா" என்றார்.

செத்துப் பதினோரு மாதம் ஆன பிறகும் உன்னை விடவில்லை அந்த மனுஷர். என்னால்தான் விடவில்லை. ஆஸ்பத்திரியில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்ற மாதிரியே இன்றைக்கும் நிற்கிறேன் என்று தெரிந்தது. "அவ மேல தப்பு இல்லண்ணா. அவ எட்டு பொட்டலந்தான் குடுத்தா. நானும் குடுத்தேன்" என்று சொன்னேன். உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். "அவளுக்குத் தெரியுமா?" என்றார். சாவதற்கு நாலு வருஷம் முன்னாலேயே தெரியும் என்றேன். "அப்பவும் நான் அவளத்தான திட்டிக்கிட்டு இருந்தேன். அவ ஏன் சொல்லல?" என்றார். எனக்குத் தெரியாது என்றேன். அவர் அழுது நான் பார்த்தது கலா செத்த அன்றைக்கு அப்புறம் இன்றைக்குத்தான்.

பிறகு எழுந்து போய், சேகர் தலைமாட்டில் இருந்த பாட்டிலையும் மூடியையும் சீட்டையும் எடுத்துத் தன் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டார். "இனிமே எம் புள்ளைக்கு நான் குடுத்துக்கறேன்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். என் பக்கம் திரும்பவில்லை. அதற்கப்புறம் பேச்சில்லை.

எட்டு மணிக்குப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. நான் எழுந்து போய் அறை வாசலில் நின்றுகொண்டு, "ரெண்டு மணிக்கு நான் குடுத்தது. இப்ப நீ குடுத்துட்டியாண்ணா?" என்று கேட்டேன். பதில் இல்லை. மறுபடியும் கேட்டேன். முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னை வெட்டிப் போட்டாலும் சரி, இந்த வீட்டில் இது ஒன்றில் மட்டும் பேசாமல் இருக்க இனி விட மாட்டேன் அண்ணி. மூன்றாவது தடவையும் கேட்டேன். "குடுத்துட்டேன், போ" என்றார். எவ்வளவு கொடுத்தார் என்பதையும் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகுதான் அங்கிருந்து நகர்ந்தேன்.

தனம்